மேஜருக்கு வந்த கூரை

அம்மா,

நேற்றுப் பிற்பகல் என் வீட்டைப் பார்வையிட ஒரு பெண் வந்திருந்தாள். நாய்க் காப்பகத்தில் வேலை செய்பவள். காது கேளாத, வலிப்பு நோயுள்ள, ஆண்களைக் கண்டால் மூலையில் ஒடுங்கிவிடும் ஒரு பெட்டை நாயை நான் கேட்டிருந்தேன். கொடுப்பதற்கு முன் வீட்டைப் பார்ப்பது அவர்களுடைய வழக்கம். கூடத்தைப் பார்த்தாள், குசினியைப் பார்த்தாள், மதில் எவ்வளவு உயரம் என்று பார்த்தாள். பின்னறையில் நாய்க்கென நான் விரித்திருந்த துணியைக் குனிந்து தொட்டு, விரல்களை முகர்ந்து, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டாள்.

அது உன் படங்கு. கொழுந்தெடுக்கும்போது தேயிலைச் செடியின் ஈரமும் குச்சியும் உடம்பில் படாமலிருக்க இடுப்பிலிருந்து கணுக்கால்வரை நீ சுற்றிக் கட்டிய சாக்கு. நீ போன பிறகு தகரப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தேன். இத்தனை காலம் கழித்தும் நனைந்த சணலும் கொழுந்துச் சாறும் அடுப்புப் புகையும் கலந்த அந்த மணம் அதிலிருந்து போகவில்லை. பழைய சாக்கு என்று மட்டும் அவளிடம் சொன்னேன்.

"ஹொந்தாய் சேர்," நல்லது என்று சிரித்தாள். நாய்க்கு மிகவும் பொருத்தமான வீடு என்று மனமாரப் பாராட்டினாள். எந்தப் பிழையும் செய்யாத பெண் அவள். ஆனால் அந்தப் பாராட்டைக் கேட்டதிலிருந்து நான் கூசிப்போயிருக்கிறேன். அது ஏன் என்பதை உன்னைத் தவிர வேறு யாருக்கும் எழுத முடியாது.

பங்களா நாய் மேஜரைப் பற்றி உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருந்தாலும் அதன் கதையை ஒரு தடவையாவது ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும் போலிருக்கிறது.

தோட்டத்தின் பழைய துரை அதைக் குட்டியாகக் கொண்டுவந்தபோது அப்பா பங்களாவில் காவல் காக்கும் வாச்சராக இருந்தார். காவல் பழக்குவதற்குத் துரை ஒரு முறை வைத்திருந்தார். தலையில் கம்பளியும் இடுப்பில் படங்குமாக ஒரு ஆள் கொட்டிலுக்குள் போய், கட்டிப்போட்டிருக்கும் குட்டியைப் பிரம்பால் அடிக்க வேண்டும். அந்த ஆள் வெளியே போனதும் கால்சட்டையும் சப்பாத்துமாகத் துரை உள்ளே வந்து, தடவிக்கொடுத்து, இறைச்சி ஊட்டுவார். சில வாரங்களில் குட்டிக்குப் பாடம் ஏறிவிட்டது. எந்த உடையைக் கண்டால் பாய வேண்டும், எந்த உடையைக் கண்டால் வாலாட்ட வேண்டும் என்று அதற்குப் பிறகு யாரும் அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அடித்த ஆள் அப்பா. கட்டிக்கொண்டு போனது உன் படங்கு.

நீதான் எனக்கு இதைச் சொன்னாய், அப்பா இறந்த பிறகு. "ஓரம் பூரா பல்லு பட்டு நார் நாராக் கெடந்துச்சு. பீலித் தண்ணியில அலசிக் காயப் போட்டுட்டு, சோறு வேணாம்னுட்டாரு உங்கப்பா. நானும் எதுவும் கேக்கல."

நம்முடைய சனங்களின் மணத்தைப் பகையாகக் கற்பித்த கை என் தகப்பனுடையது. கற்பிக்கச் சொன்ன வாய் துரையுடையது. அந்த வாய்க்காரர் இதற்காக ஒரு நாளாவது நாணியதாக நான் கேள்விப்படவில்லை. அவர் வெட்கத்தையும் சேர்த்து தொழிலாளர் லயத்து வரிசையில் நம் ஒற்றை அறைக் காம்பராவில் இறக்கி வைத்துவிட்டார்கள். அப்பா அதைச் சுமந்தார். பிறகு நீ சுமந்தாய். நான் பட்டதாரி என்பதால் என் பங்கைக் கோபமாக மாற்றி வைத்துக்கொண்டேன். உள்ளே இருப்பது என்னவோ அதே சரக்குத்தான்.

பாக்கியம் அக்காவின் காலை நினைத்துப் பார்க்கிறேன். நம் அடுத்த காம்பராக்காரி. மகளுக்குப் பிரசவ வலி கண்டபோது, ஹட்டன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி கேட்டு, தேயிலை மலையிலிருந்து படங்கோடு பங்களாவுக்கு ஓடியவள். மேஜர் அவளுடைய ஆடுசதையைக் கவ்விப் பிய்த்துவிட்டது. முன்வாசல் வழியாக யார் வரச் சொன்னது என்று துரை கேட்டாராம். லொறி வந்தது. பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. பாக்கியம் அக்கா மட்டும் குளிர் கூடிய நாட்களில் இன்றும் காலை இழுத்து நடக்கிறாள்.

தோட்டங்கள் கம்பனிகளுக்குக் கைமாறிய காலத்தில் அந்தத் துரை போனார். கண்ணாடிச் சாமான்களைக்கூட வைக்கோல் சுற்றி ஏற்றிக்கொண்டு போனவர், நாயை விட்டுவிட்டுப் போனார். அதற்குள் அதற்கு வலிப்பு வர ஆரம்பித்திருந்தது. புதிய துரை ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ராகலைப் பாதையில் நாய்க் காப்பகம் நடத்திய, எல்லோரும் நோனா என்றழைத்த ஓர் அம்மையாரிடம் அதை ஒப்படைத்தார்.

"தம்பி, மேசர அந்த நோனா வச்சிருக்காங்களாம். ஒருக்கா என்னக் கூட்டிட்டுப் போறியா?" என்று நீ கேட்டபோது, பார்த்துவிட்டு வருவதற்கென்றுதான் நினைத்தேன்.

கடைசிக் கூண்டில் அதைத் தனியாக வைத்திருந்தார்கள். அங்கே வேலை செய்தவர் எனக்கு மரியாதையாக, தனக்குத் தெரிந்த தமிழில் விளக்கினார்: "சேர் பயப்பட வேணாம். நல்ல ஆக்கள ஒண்ணும் செய்ய மாட்டான். லயத்து மனுசங்களத்தான் ஆகாது." நீ பக்கத்தில் நின்றாய், விசேஷங்களுக்கென்று பத்திரப்படுத்திய மாம்பழ நிறச் சேலையில். உன்னை அவருக்கும் அடையாளம் தெரியவில்லை, நாய்க்கும் தெரியவில்லை. மேஜர் எழுந்து வந்தது. கம்பிக்கு வெளியே இருந்த என் சப்பாத்தை முகர்ந்தது. வாலை ஆட்டிக்கொண்டு என் உள்ளங்கையை நக்கியது.

அது என்னைத் துரை என்று நினைத்தது, அம்மா. நான் படித்த படிப்புக்கும் பார்த்த உத்தியோகத்துக்கும் எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக என்னை அவமதித்திருக்கிறார்கள். அந்த வாலாட்டலைப் போல ஒன்றும் என்னைச் சுட்டதில்லை.

நீ குனிந்து அதனிடம் பேசினாய். "என்னடா, படங்கு கட்டாம வந்தா ஒனக்கு ஆள் தெரியாதோ? நல்லா நக்குற கைய. அவன் அப்பன் அடிச்ச அடி மறந்துபோச்சா?" பிறகு நிமிர்ந்து, சாதாரணமாகச் சொன்னாய்: "நோனாகிட்டக் கேளு. நம்ம கொண்டுபோறோம்னு."

நான் வாதாடினேன். இந்த இன நாய்களுக்கு வலிப்பு பிறவியிலேயே வரக்கூடும், அப்பா அடித்ததால்தான் வந்தது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை என்றேன். "படிச்சவன் சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா அடிச்சது அடிச்சதுதானே?" என்றாய். சரி, ஹட்டனில் என் வீட்டில் வைத்துக்கொள்கிறேன், என்னைக் கண்டால் அதற்குப் பயமில்லை என்றேன். நீ என் கால்சட்டையை ஒரு பார்வை பார்த்தாய்.

"ஒங்கிட்ட இருந்தா அது கடைசி வரைக்கும் தொர வீட்டு நாயாவே இருந்துரும் ராசா."

நான் போய் நோனாவிடம் கேட்டேன்.

நோனா வீடு பார்க்க வந்த நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. கெட்ட மனுசி இல்லை. குடையை இஸ்தோப்பின் ஓரத்தில் சாய்த்து வைத்தார். அந்தச் சிறிய முன்தாழ்வாரத்தில் குனிந்து நுழைந்து, காம்பராவைச் சுற்றிப் பார்த்தார். சுற்றிப் பார்க்க என்ன இருந்தது? ஒரு அறை, ஒரு அடுப்பு, கரி படிந்த சுவர், தகரத்து ஓட்டைகளுக்குக் கீழே வைத்த சட்டிகள். என்னிடம் தாழ்ந்த குரலில் ஆங்கிலத்தில் சொன்னார்: ஈரம் அதிகம், புகை அதிகம், நோயுள்ள ஒரு மிருகத்தை இந்த இடத்தில் வைத்திருக்க மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை, மன்னிக்க வேண்டும்.

லயமே வாசலில் கூடி நின்றது. நோனா என்ன சொன்னார் என்று கேட்டார்கள். மெருகிட்டுச் சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த நேரம் மனம் வரவில்லை. "இந்த இடம் நாய் வாழ ஏற்றதல்ல என்கிறார்," என்று ஒரு சொல் குறையாமல் மொழிபெயர்த்தேன். நாங்கள் நான்கு பேர் பிறந்த அறை அது. அப்பா இருமி இருமிச் செத்த அறை.

நீதான் முதலில் சிரித்தாய். "பாத்தீங்களா! யூனியன்காரனுக்கும் எலக்சன்ல நிக்கிறவனுக்கும் இத்தன வருசமாத் தெரியாதத இந்தம்மா ஒரு எட்டு வந்து கண்டுபிடிச்சிட்டாங்க."

பாக்கியம் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "கேளுங்க சேர் அவங்கள. நாய் இங்க இருக்க ஏலாதுன்னா, அந்தக் கூடு சும்மாத்தானே கெடக்கும்? நாங்க போயி இருந்துக்கவா?"

லயம் முழுவதும் சிரித்தது. நோனாவின் முகம் சிவந்தது. நான் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டின் நிலையை வாய்விட்டுச் சொன்ன முதல் வெளியாள் அவர். ஒரு நாயை முன்னிட்டாவது சொன்னார். அவர் மேல் கோபப்படுவதா, இல்லையா என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

உன் பிடிவாதத்துக்கு முன் நோனா இறங்கி வந்தார். வேளா வேளைக்கு மாத்திரை கொடுக்க வேண்டும். கூரையைச் சரிசெய்ய வேண்டும். ஒரு தடவை யாரையாவது கடித்தாலும் திருப்பி எடுத்து ஊசி போட்டு முடித்துவிடுவார். அதற்கு ஒப்புக்கொள்ளச் சொன்னார். நீ தலையாட்டினாய்.

கூரைக்காக நோனாவே புதிய துரைக்கு டெலிபோன் எடுத்துப் பேசினார். அடுத்த வாரமே தோட்டத்துத் தச்சர் புதுத் தகரங்களோடு வந்து இறங்கினார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து ஒழுகிய கூரை அது. அப்பா எத்தனை தடவை தோட்டத்து ஒப்பீசுக்கு ஏறி இறங்கினார், நானே எத்தனை மனு எழுதிக் கொடுத்தேன் என்பது உனக்குத் தெரியும். மனிதருக்கு ஒழுகியபோது அசையாத ஒப்பீசு நாய்க்கு ஒழுகும் என்றதும் அசைந்தது. தகரத்தைத் திருப்பி அனுப்பு என்று கத்தினேன்.

"மழைக்குத் தெரியுமா யாருக்கு வந்த தகரம்னு? இருந்துட்டுப் போகட்டும்," என்றாய். அத்தோடு நிற்கவில்லை. ஏணியில் நின்ற தச்சரிடம் அப்பாவியாக முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாய்: "ஏண்ணே, நாயின்னா ஒரு எடத்துல நிக்குமா? பாக்கியம் இஸ்தோப்புக்கும் போகும், அந்தக் கடைசிக் காம்பராவுக்கும் போகும். அங்க நனைஞ்சு காச்சல் வந்தா நோனா மறுபடி தொரகிட்டப் பேசுவாங்களே, நீங்கதான் பதில் சொல்லணும்?" தச்சர் உன்னை மேலிருந்து உற்றுப் பார்த்தார். பிறகு வெற்றிலையைத் துப்பிவிட்டு, கீழே போய் இன்னொரு லோடுக்குச் சொல்லி அனுப்பினார். அந்த வரிசை முழுவதும் புதுத் தகரம் ஏறியது.

பாக்கியம் அக்கா மட்டும் அசையவில்லை. "கூரைக்கு நன்றி. காலுக்கு நன்றியில்ல. பல்லு ஒரு தடவ யாரு மேலயாவது பட்டுச்சு, நோனா வர்ற வரைக்கும் நான் காத்துக்கிட்டிருக்க மாட்டேன். கத்தியில ஒரே போடு."

"போடு. மொதல்ல என்னத்தான் கடிக்கும். அதப் பாத்துட்டு அப்புறம் போடு."

மேஜர் வந்தது. அதற்குப் பிறகு மேஜரின் உயிர் உன் உடையில் தொங்கியது. மலையிலிருந்து வரும்போது மலைத் தண்ணீர் விழும் பீலியடியிலேயே படங்கையும் கம்பளியையும் அவிழ்த்து வைத்துவிட்டு, நனைந்த சேலையோடு நடுங்கிக்கொண்டு ஏறி வருவாய். அந்த வயதில், அந்தக் குளிரில். ஒரு வாரம் போனபின் படங்கை வேலி ஓரத்தில் தொங்கவிட்டாய். பிறகு கொய்யா மரத்தில். பிறகு இஸ்தோப்புக்கு எதிரில். அதைக் கண்டு மேஜர் சங்கிலி அறுந்துபோகக் குரைக்கும். அதன் எதிரில் உட்கார்ந்து நீ ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டே, அதற்கும் ஒரு துண்டு போடுவாய். "கொரைடா, கொரை. அது என்ன ஒன்னக் கொரைக்குதா?" என்பாய்.

மாத்திரை வாங்குவது என் பொறுப்பு. மிருக வைத்தியரின் மருந்துத் துண்டோடு ஹட்டன் மருந்துக்கடைக்குப் போவேன். முதல் நாள் கடைக்காரர் துண்டில் மேஜர் என்ற பெயரைப் படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: "எந்த முகாம் மேஜருக்கு சேர்?" யுத்த காலம். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாய் என்று நான் சொன்னதும் கடை முழுவதும் சிரித்தது. அதை உன்னிடம் சொன்னபோது நீ அடுப்படியில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தாய்.

பிறகு அந்த மதியம். நீ சாப்பாட்டுக்கு ஏறி வரும்போது, மேஜருக்கு வலிப்பு கண்டுவிட்டது என்று யாரோ பீலியடிக்குக் கேட்கக் கத்தினார்கள். படங்கை அவிழ்க்காமலே ஓடி வந்துவிட்டாய். விடுமுறை நாள் என்பதால் நானும் அங்கே இருந்தேன். சிமெந்துத் தரையில் மேஜரின் தலை அடிபட்டுக்கொண்டிருந்தது. நீ உட்கார்ந்து, இடுப்பிலிருந்த படங்கின் முன்பகுதியை விரித்து, அதன் தலையைத் தூக்கி அதில் வைத்துக்கொண்டாய். வலிப்பு தெளியும் வேளையில் அதற்கு ஆள் தெரியாது, எதையும் கவ்வும் என்று வைத்தியர் எச்சரித்திருந்தார்.

"ஐயோ, எந்திரிச்சு வாங்கக்கா! படங்கோட இருக்கீங்க, கொன்னுப்புடும்!" பாக்கியம் அக்கா விறகுக் கட்டையோடு வாசலில் நின்றாள். கட்டையை ஓங்கியிருந்தாள். கடித்தால் உனக்காகத்தான் அவள் அடித்திருப்பாள்.

மேஜர் கண் திறந்தது. அதன் மூக்கு படங்கில் புதைந்திருந்தது. உடம்பு முழுவதும் விறைத்ததை நான் பார்த்தேன். உதடு மேலேறிப் பல் தெரிந்தது. நீ அசையவில்லை. "அடிக்க வரலடா. அந்த ஆளு போயிட்டாரு. அடிக்க வரல," என்று மட்டும் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். உன் மடியிலேயே அது சிறுநீர் கழித்தது. பிறகு பல்லை மூடிக்கொண்டு, வயிற்றால் தவழ்ந்து மூலைக்குப் போய், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டது.

பாக்கியம் அக்கா கட்டையைக் கீழே போட்டாள். "சனியன். இந்த வாயத் தொறந்துதானே என் காலத் தின்ன," என்று அழுதாள். அன்று மாலை ஒரு கோப்பையில் பழஞ்சோறு கொண்டுவந்து, நாய்க்கு எட்டாத தூரத்தில் வைத்துவிட்டுப் போனாள். நீதான் அதை நாயின் பக்கம் தள்ளி வைத்தாய்.

நாய் உன் காலடியில் சுருண்டது, உன் படங்கை ஆசையாக முகர்ந்தது என்றெல்லாம் எழுதினால் பொய். கடைசிவரை அது படங்கை நேராகப் பார்த்ததில்லை. நீ மலையிலிருந்து வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நீ அவிழ்த்து வைத்த பிறகே பக்கத்தில் வரும். எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது. உனக்கு இல்லை.

"பயம் போகல தம்பி. கடி மட்டுந்தான் போயிருக்கு. அது போதும்."

நம் மரக்கறிப் பாத்திக்குப் பின்னால் மேஜரைப் புதைத்தபோது நீ அழவில்லை. சில வருடம் கழித்து நீ போனாய். உன் சாவு வீட்டுக்கு ஒப்பீசிலிருந்து மாலை வந்தது. வாயில்லா ஜீவன் மீது அம்மையார் காட்டிய பரிவு பற்றி ஒருவர் மேடைக் குரலில் பேசினார். உன் முதுகைப் பற்றியோ, கூடைக் கயிறு உன் நெற்றியில் பதித்த தழும்பைப் பற்றியோ அவர் ஒரு சொல் சொல்லவில்லை. நான் கை கட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பேசி முடித்தவரிடம், அந்த ஜீவனுக்கு வாய் இருந்தது, யாரைக் கடிக்க வேண்டும் என்று உங்கள் பங்களாதான் அதற்குச் சொல்லிக் கொடுத்தது என்றேன். அவர் துக்கத்தில் பிதற்றுகிறேன் என்று நினைத்து என் தோளைத் தட்டினார்.

நேற்று அந்தப் பெண் புறப்படும்போது, எப்படிப்பட்ட வீடுகளுக்கு நாய் கொடுக்க மறுப்பீர்கள் என்று கேட்டேன். "லயங்களுக்குக் கொடுக்கிறதில்ல சேர்," என்றாள் சிங்களத்தில், இரக்கத்தோடு. "ஈரம். பாவம் நாய்கள்." நான் அந்த ஈரத்தில் பிறந்தவன் என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்டாள். அவள் மன்னிப்பு எனக்கு எதற்கு?

நீ வாழ்ந்த காம்பராவில் இப்போது வேறொரு குடும்பம் இருக்கிறது. மேஜருக்கு வந்த தகரம் துருவேறி, மறுபடி ஒழுகுகிறதாம். பாக்கியம் அக்கா சொல்லி அனுப்பியிருந்தாள். "சேர்கிட்ட ஒரு நோய் நாய் கொண்டாந்து விடச் சொல்லு, கூரைக்கு ஆகும்," என்றாளாம். சிரித்தேன்.

என்னிடம் கடி போகவில்லை, அம்மா. உன் நாய்க்கு வாய்த்தது எனக்கு வாய்க்கவில்லை. வெட்கம் அப்படியே இருக்கிறது, பல்லும் அப்படியே இருக்கிறது.

நாளைக் காலையில் அந்தப் பெட்டை வருகிறது. அதை யார் அடித்தார்கள், எந்த உடையில் வந்து அடித்தார்கள் என்று காப்பகத்தில் ஒருவருக்கும் தெரியாது. பின்னறையில் விரித்த படங்கை இன்றைக்கு மடித்து எடுத்துவிட்டேன். வாசலில் சப்பாத்தும் கால்சட்டையுமாக நிற்கும் ஒருவனைக் கண்டு அது வாலாட்டினாலும் என்னால் தாங்க முடியாது, ஒடுங்கினாலும் தாங்க முடியாது. ஆகவே படங்கை இடுப்பில் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு படியில் உட்கார்ந்திருக்கப் போகிறேன். கட்டிப் பார்த்தேன். பின்பக்கம் முடிச்சுப் போட எனக்கு வரவில்லை. மேஜரின் பல் பட்ட ஓரம் சரியாக என் முழங்காலுக்குக் கீழே விழுகிறது.